முழத்துக்கு ஓர் இழை

ராஜினாமாக் கடிதம் ஒன்றை டைப் அடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால், வைதேஹியம்மாள் நான்கு நிமிடம் என்பார். சின்ன காஞ்சிபுரத்தில் ஆறு மிஷின்களை வைத்துக்கொண்டு இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர் அவர். அவர் கணக்கு தப்பாது. ஆனால் 1967-ஆம் வருஷம் ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவரிடம் வந்த ராஜினாமாக் கடிதம், இரண்டு நாள் அவரையும் சாமுவேலையும் பிள்ளையார்பாளையத்துக்கு அலைய வைத்துவிட்டது.

சாமுவேல் டைப்ரைட்டர் மெக்கானிக். நாற்பது வயது. வாரம் ஒரு நாள் வந்து மிஷின்களைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ஸ்பிரிங் பார்த்துவிட்டுப் போவது அவர் வேலை. ஒரு மணி நேர வேலைக்கு அரை நாள் உட்கார்ந்திருப்பார். காரணம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன், ஒரு தலைமையாசிரியருக்கு வந்த மொட்டைக் கடிதங்களைப் பார்த்து, "இது சுண்டுவிரல் இல்லாதவர் அடிச்சது, அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் மட்டும் ஆழமா பதிஞ்சிருக்கு, வேற விரலால ஓங்கி அடிச்சிருக்கார்" என்று வைதேஹியம்மாள் சொல்ல, அப்படியே ஆள் பிடிபட்டான். அன்றிலிருந்து ஊரில் விடுகதை மாதிரி எது நடந்தாலும் அவரிடம் வந்துவிடுகிறது. சாமுவேலும் வந்துவிடுகிறார். முதலில் குற்றவாளியைத் தீர்மானித்துவிட்டு அப்புறம் சாட்சியத்தைத் தேடுவது சாமுவேலின் வழக்கம். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அன்று காலை பதினோரு மணிக்கு, வெள்ளைப் புடவையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். காந்தா. மூன்று வருஷத்துக்கு முன் இங்கேயே லோயர் பாஸ் பண்ணியவள். இப்போது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஒரு லெட்டர் அடிக்கணும் டீச்சர். வேலையை வுட்டுடறேன்னு."

"அடிச்சுடலாம். காரணம் என்னன்னு போடறது?"

"சொந்தக் காரணம்னு போடுங்க."

"சொந்தக் காரணம் இப்படிக் கண்ணைத் துடைச்சுண்டு வராதேம்மா. உக்காரு."

காந்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் சாமுவேல் துடைத்து வைத்திருந்த மூன்றாம் நம்பர் மிஷினின் மேல் கையை ஊன்றினாள். எடுத்தபோது ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்திருந்தது. சாமுவேல் 'உச்' கொட்டிவிட்டு மறுபடி துணியை எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. டூட்டி முடிஞ்சா தேங்காயெண்ணெய் தடவிக்கினுதான் வெளியில வருவேன். இல்லாட்டி எரியும்."

வைதேஹியம்மாள் அவள் கைகளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். வருஷத்துக்கு இருநூறு பேருடைய விரல்களைப் பார்க்கிறவர் அவர். இப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. முட்டிகளில் சிவந்த வெடிப்பு. விரலிடுக்குகளில் தோல் உரிந்திருந்தது. எண்ணெய்க்கு அடியில் விரல்நுனி உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் கழுவுவே?"

"நாப்பது இருக்கும் டீச்சர். தாயைத் தொடறதுக்கு முன்னால, தொட்டப்புறம், கொழந்தையத் தொடறதுக்கு முன்னால, தொட்டப்புறம். எல்லாம் கார்பாலிக் சோப்பு. ஒரு தரம் கொறைஞ்சாலும் எங்க பெரிய நர்ஸம்மா தோலை உரிச்சுடுவாங்க." சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்து அவளே சிரித்தாள். "அதுதான் ஏற்கெனவே உரிஞ்சுட்டுதே."

சிரிப்பு நிலைக்கவில்லை. விஷயம் மெல்ல வெளியே வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காந்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராஜகோபால், பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறிக்காரர். முகூர்த்தப் புடவையை அவரே தன் கையால் நெய்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காந்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். மறுநாள் திங்கட்கிழமை மத்தியானம், முந்திக்குக் குஞ்சம் கட்டக் கொடுக்கலாம் என்று மாமியார் மணியம்மாள் புடவையைப் பிரித்தால், அங்கங்கே இழை இழுத்துக்கொண்டு நின்றது.

"'தேங்காத் துருவிக் கையோட ஒருத்தி வந்தா, தறியை வித்துட்டு சோடாக் கடைதான் வைக்கணும்'னு சொல்லிட்டாங்க டீச்சர். பட்டு நெய்யற வூட்டுல சொரசொரப்பான கை கூடாது. அது எனக்கும் தெரியும். அதனாலதான் நான் தொடவே இல்ல! முந்தானைக்குள்ள கையைச் சுருட்டி வெச்சிக்கினுதான் பாத்தேன். அத்தை காப்பி போட உள்ள போனாங்க. அந்த நேரத்துல தொட்டுட்டேன்றாங்க."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவரு திங்கக்கிழமை விடியறதுக்குள்ள சேலத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிட்டாரு. நாளைக்கு சாயங்காலம்தான் வராரு. அதுக்குள்ள நான் வேலையை வுட்டுட்டேன்னு லெட்டரைக் கொண்டாந்து காட்டணுமாம். இல்லாட்டி முகூர்த்தம் இல்லையாம்."

"உனக்கு எது வேணும்? வேலையா, கல்யாணமா?"

காந்தா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ரெண்டும் வேணும் டீச்சர். மாசத்துக்கு முப்பது கொழந்தை பொறக்குது. மொதல் அழுகையை நான்தான் கேக்கறேன். அதை வுட்டுட்டு எப்படி இருக்கறது? அவரும் வேணும். அந்தப் புடவையை ரெண்டு மாசம் நெய்ஞ்சிருக்காரு."

வைதேஹியம்மாள் மிஷினில் சொருகியிருந்த வெள்ளைத்தாளை உருவி மேஜைமேல் வைத்தார். "நீ டூட்டிக்குப் போ. நாளைக்கு நாலு மணிக்கு மாமியார் ஆத்துக்கு வந்துடு. சாமுவேல், துணியைக் கீழே போடுங்கோ. கிளம்பலாம்."

சாமுவேல் அதற்குள் சைக்கிள் சாவியைக் கையில் எடுத்திருந்தார்.

பிள்ளையார்பாளையத்தில் அந்த வீட்டுத் தறிச் சத்தம் ஏழெட்டு வீட்டுக்கு அப்பாலேயே கேட்டது. உள்ளே தறிக்குழியில் கூலிக்கு நெய்யும் உமாபதி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர், யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர். வீட்டுப் பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா வரதராஜன் ஒரு மூலையில் பொடிமட்டையோடு இருந்தார். அன்று காலைதான் திருப்புட்குழியிலிருந்து திரும்பியிருந்தார். சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவரை அவர்கள் மூன்று நாள் விடவில்லையாம்.

மணியம்மாள் நன்றாகப் பேசுகிறவர். வைதேஹியம்மாள் வந்த காரியத்தை மறைக்கவே இல்லை. "காந்தாவோட ராஜினாமா லெட்டர் என்கிட்டதான் வந்திருக்கு. காரணத்தைச் சரியா எழுதணும் இல்லையோ? அதான் கேட்டுண்டு போகலாம்னு வந்தேன்" என்றார். அது மணியம்மாளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"வாங்கம்மா, நல்லா எழுதுங்க. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. குணத்துல தங்கம். ஆனா கையைப் பாத்தீங்களா? பட்டு தாங்குமா? நீங்களே சொல்லுங்க. அன்னிக்கி காப்பி குடுத்தனா, குடிச்சுட்டு வெச்ச வெள்ளி டம்ளரைப் பாக்கணுமே, ஒரே எண்ணெய்! புளி போட்டுத் தேச்சாத்தான் போச்சு. அதைக்கூட நான் ஒண்ணும் சொல்லல. புடவைல கை வெச்சா சும்மா இருக்க முடியுமா?"

"முடியாது. புடவையைப் பாக்கலாமா? நீங்களே பிரியுங்கோ, நான் தொடலை."

மணியம்மாள் இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்தார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. பாய் விரித்து அதன்மேல் முழுப் புடவையும் நீளமாகப் பிரிந்தபோது, சாமுவேல் தன்னையறியாமல் செருப்பில்லாத கால்களைக்கூட இரண்டடி பின்னால் வைத்துக்கொண்டார். அத்தனை அழகு.

வைதேஹியம்மாள் குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தார். சாமுவேல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இழை இழுத்த இடங்கள் பதினொன்று. எல்லாமே மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் சேரும் கோட்டின்மேல். கிட்டத்தட்ட முழத்துக்கு ஒன்று. மணியம்மாளைப் புடவையைப் புரட்டச் சொன்னபோது இன்னொன்றும் தெரிந்தது. மேல்பக்கம் இழை நின்ற இடத்துக்கு நேர் அடியிலும் ஓர் இழை நின்றது. முந்தியில் ஒன்றுமில்லை. துளி எண்ணெய்க் கறையும் எங்கும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை முழுசாப் பிரிச்சுக் காட்டினேளா?"

"இல்லம்மா. மடிப்பு கலையாம முந்தியை மட்டும் விரிச்சுக் காட்டினேன்."

"அப்புறம் பீரோவை யார் திறந்தா?"

"யாரு தொறப்பாங்க? சாவி என் இடுப்பை வுட்டு எறங்காது. திங்கக்கிழமை விடியங்காட்டி எம் பையன் பஸ்ஸுக்குக் கிளம்பசொல்ல வேட்டி எடுத்துக்கினான், நான் இட்லி கட்டிக்கினு இருந்தேன். கரண்ட் வேற இல்ல, அரிக்கேன் வெளக்குதான். அவ்ளோதான்."

"பையன்தான் புடவையை நெய்தாரோ?"

"அவன்தான். அதை முடிச்சு மூணு வாரம் ஆவுது. அப்புறம் தோள்பட்டை வலின்னு தறிப்பக்கமே போவல. உமாபதிதான் நெய்யறாரு." மணியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "வேற ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க தெருக்காரங்க மாதிரி எம் பையனுக்கும் மடி ஆச்சாரம் புடிச்சிக்குச்சான்னு தெரியல. எந்நேரமும் கெணத்தடியில கை கழுவிக்கினே இருக்கான். மாசத்துக்கு ரெண்டு சோப்பு ஆவற வூட்டுல இப்ப வாரத்துக்கு நாலு. கேட்டா, மாப்பிள்ளை சுத்தமா இருக்கக் கூடாதான்றான்."

"இருக்கட்டுமே" என்றார் வைதேஹியம்மாள். அவர் உதட்டோரத்தில் ஏதோ அசைந்ததைச் சாமுவேல் பார்த்தார். அதற்குமேல் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்வருகிறேன் என்று நழுவினார்.

மூன்று நிமிடத்தில் முகமெல்லாம் பரபரப்பாகத் திரும்பி வந்தார். "டீச்சரம்மா! சீக்கிரம் வாங்க!"

கிணற்றடிச் சுவரின் மாடத்தில் நான்கு கொட்டாங்குச்சிகள் வாழையிலையால் மூடிக் கிடந்தன. மேலே ஒரு கயிற்றில் நான்கு பட்டுத் துண்டுகள் ஊசி குத்தித் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பால் நம்பர். முதல் துண்டில் பெரிய எண்ணெய்க் கறை. இரண்டிலும் மூன்றிலும் அதைவிடச் சின்னது. நான்காம் துண்டு துடைத்துவைத்த மாதிரி சுத்தம். பக்கத்தில் பாதி கரைந்த கார்பாலிக் சோப்பு.

"மை வேலை!" என்று கிசுகிசுத்தார் சாமுவேல். "பட்டுத் துணியில மந்திரம் பண்றாங்க. யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. அந்த உமாபதியை இதைப் பத்திக் கேட்டேன். வேர்த்துப்போய், 'எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க'ன்னு தறியில குனிஞ்சுட்டான். புடவையைக் கெடுத்தது அவன்தான். முதலாளி மவன் மேல பொறாமை."

வைதேஹியம்மாள் கொட்டாங்குச்சிகளை ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோனார். "தேங்காயெண்ணெய். வெண்ணெய். விளக்கெண்ணெய். நாலாவது, நல்லெண்ணெயில தேன்மெழுகு. மந்திரத்துக்கு மெழுகெல்லாம் போடுவாளா சாமுவேல்?"

"போடலாம்" என்றார் சாமுவேல், விட்டுக்கொடுக்காமல்.

வாசலுக்குப் போகும் வழியில் வைதேஹியம்மாள் தறியருகே ஒரு கணம் நின்றார். உமாபதியின் கை குறுக்கிழை ஓட்டும் நாடாவை வீசி வாங்கிக்கொண்டிருந்தது. நெய்து சுற்றிய பட்டு ஒரு பிசிறு இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. "நன்னா நெய்யறேள்" என்றார். உமாபதி அதற்கும் நிமிரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சாமுவேல் பேச்சிலேயே உமாபதிக்குக் கள்ளச்சாவி செய்துகொடுத்தார், கூட்டாளி ஒருவனை ஏற்பாடு பண்ணினார், கடைசியில் போலீசிலும் ஒப்படைத்துவிட்டார். வைதேஹியம்மாள் குறுக்கே பேசவில்லை. இன்ஸ்டிடியூட் வாசலில் மட்டும் ஒன்று கேட்டார்: "புடவைக்கடையில உங்காத்துக்காரி புதுப் புடவையை எப்படித் தொடுவா?"

"எப்படின்னா... இப்படித் தடவிப் பாப்பா, முந்தியை." சாமுவேல் காற்றில் உள்ளங்கையை ஓட்டிக் காட்டினார்.

"அதையே ராத்திரி யோசியுங்கோ."

சாமுவேல் யோசித்தார். மனைவியிடம் புடவை வாங்கித் தருவதாகத் தேவையில்லாமல் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

புதன்கிழமை நாலரை மணிக்கு எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். நாற்காலியில் வைதேஹியம்மாள். பாயில் மணியம்மாள். மூலையில் வரதராஜன். உமாபதியைத் தறியிலிருந்து எழுப்பிக் கொண்டுவந்து சாமுவேல் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார், ஓடினால் பிடிக்க வசதியாக. காந்தா தூணோரமாக நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"லெட்டர் கொண்டாந்தீங்களாம்மா?" என்றார் மணியம்மாள்.

"காரணம் எழுதற இடத்துல நின்னுபோச்சு. அதைச் சரிபண்ணிக்கத்தான் வந்திருக்கேன். மணியம்மா, அன்னிக்கு இவ குடிச்ச டம்ளர்ல எண்ணெய் இருந்துதுன்னு சொன்னேளே?"

"ஆமா. ஒரே எண்ணெய்."

"அந்தக் காப்பி நீங்க உள்ள போய்ப் போட்டுண்டு வந்தது. நீங்க உள்ள இருக்கறச்சேதான் இவ புடவையைத் தொட்டதாச் சொல்றேள். வெளியில வந்து கையில டம்ளரைக் குடுத்தேள். அப்போ தொட்ட கையும் டம்ளர் பிடிச்ச கையும் ஒண்ணுதான். டம்ளர் பூரா எண்ணெய் அப்பின கை, புடவையில மட்டும் ஒரு துளி வைக்காம பதினொரு இடத்துல இழுத்துதா?"

வரதராஜன் பொடியை மூக்குக்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"அது மட்டும் இல்லே. இவளுக்குக் காட்டினது முந்தி. இழை இழுத்தது கரை ஓரம், புடவை நீளத்துக்கும். காப்பி போடற நேரத்துல முழுப் புடவையையும் பிரிச்சு, முழம் முழமாத் தொட்டு, பழையபடி மடிச்சு வைக்க முடியுமோ?"

"பின்ன யாருதாம்மா?" என்றார் மணியம்மாள். குரலில் நேற்றைய வேகம் இல்லை.

"அதைத்தான் புடவையே சொல்றது. புடவை வாங்க வரவா முந்தியைத் தடவிப் பாப்பா. நேத்து சாமுவேல்கூடக் காட்டினார். ஆனா இதைத் தொட்டவர் உடலும் கரையும் சேர்ற கோர்வையைத் தொட்டிருக்கார். மேல ஆள்காட்டி விரல், அடியில கட்டைவிரல். அதனாலதான் ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் இழை நிக்கறது. அப்படிப் பிடிச்சு, ஒரு முழம் தள்ளி மறுபடி பிடிச்சு, கடைசிவரைக்கும். உங்க எல்லாருக்கும் தெரியும், கோர்வையை அப்படி யார் பாப்பா?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோர்வை விட்டுப்போயிருக்கிறதா என்று விரலால் பிடித்துப் பார்ப்பவன் நெசவாளி. வேறு யாருக்கும் அங்கே கை போகாது.

சாமுவேல் துள்ளி எழுந்து உமாபதியின் தோளில் கை வைத்தார். "நான் நேத்தே சொன்னேன்!"

"உக்காருங்கோ சாமுவேல். அவர் கை அப்படி இருந்தா, தறியில இருக்கற பட்டு என்ன ஆகியிருக்கும்? நேத்து பார்த்தேனே, ஒரு பிசிறு இல்லே. பெரியவர் அந்த மூணு நாளும் ஊர்லயே இல்லே. அதனால—"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ராஜகோபால் உள்ளே வந்தார். இருபத்தாறு வயது இருக்கும். சேலத்துப் புழுதியோடு சிரித்துக்கொண்டே வந்தவர், கூட்டத்தைப் பார்த்து விழித்தார். காந்தாவைப் பார்த்து இன்னும் அதிகமாக விழித்தார். வலது கையில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் உக்காந்துக்கினு இருக்கீங்க?"

"வாங்கோ. ஒரு சின்னப் பரீட்சை. முதல்ல உமாபதி." வைதேஹியம்மாள் மடியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து நீட்டினார். உமாபதி அதை விரல்களின்மேல் இழுத்தார். தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. "இப்போ மாப்பிள்ளை."

ராஜகோபால் இடது கையை நீட்டினார். அதிலும் பட்டு வழுக்கிக்கொண்டுதான் போயிற்று. சாமுவேலுக்கு முகம் தொங்கிவிட்டது.

"அந்தக் கை" என்றார் வைதேஹியம்மாள்.

"அது... பஸ் கதவுல மாட்டிக்கினு—"

"இருக்கட்டும், காட்டுங்கோ."

துண்டு அவிழ்ந்தது. மணியம்மாள் "ஐயோ!" என்று கத்திவிட்டார். முட்டியெல்லாம் சிவந்து வெடித்து, விரல்நுனி உரிந்து, காந்தாவின் கைக்கு அண்ணன் மாதிரி இருந்தது அந்தக் கை. வைதேஹியம்மாள் பட்டை அதன்மேல் வைத்து இழுத்தார். 'சர்'ரென்று பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் இழை எழும்பிக் கையோடு வந்தது.

"திங்கட்கிழமை விடியறதுக்கு முன்னால பீரோவைத் திறந்தேளே, வேட்டி மட்டும்தான் எடுத்தேளா?"

ராஜகோபாலுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. "புடவையையும் ஒருதரம் பாத்தேன். கோர்வை எங்கனா வுட்டிருக்குதான்னு. கட்டப்போறவ இவளாச்சே, ஒரு குறையும் இருக்கக்கூடாதுன்னு... ஏன்?" அப்போது அவர் கண் பாயில் கிடந்த புடவைமேல் போயிற்று. கிட்டே போய்க் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானா? விரல் மரத்துக் கெடந்துது, இழுத்ததே தெரியலையே!"

மணியம்மாள் அவரை நம்பாமல் பார்த்தார். "நெய்யறவன் கைடா அது! அதை ஏன்டா இப்படிப் பண்ணி வெச்சிருக்கற?"

பதிலை உமாபதி சொன்னார். இரண்டு நாளில் அவர் நிமிர்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. "தெனமும் நாப்பது தரம் சோப்புப் போட்டுக் கழுவினாருங்க. அம்மா கண்ணுல படாம கையை மறைச்சுக்கினே இருந்தாரு. யாராண்டையும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. இந்தப் புடவை விஷயத்துக்கும் அதுக்கும் சம்மந்தம் இருக்கும்னு எனக்குத் தோணல. இல்லாட்டி அந்தப் பொண்ணு பேர் கெடறதைப் பாத்துக்கினு சும்மா இருந்திருக்க மாட்டேன்."

அதற்குமேல் ராஜகோபால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காந்தாவுக்குத் தினம் கை எரிகிறது. எண்ணெய் தடவினால் எரிச்சல் அடங்குகிறது, ஆனால் பட்டு வீட்டில் எதையும் தொட முடியாது. தடவாவிட்டால் பட்டை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அவள் கையில் சோதனை பண்ண மனசு வரவில்லை. ஆகவே தன் கையையே அவள் கை மாதிரி ஆக்கிக்கொண்டார்.

"ரெண்டு கையையும் ஒரே மாதிரி கழுவினேன். எடது கைக்கு மட்டும் மருந்து, வலது கைக்கு ஒண்ணும் கெடையாது. பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தானே எது வேலை செய்யுதுன்னு தெரியும்? தேங்காயெண்ணெயும் வெண்ணெயும் கறை வெக்குது. விளக்கெண்ணெய் பிசுக்குன்னு இருக்குது. நல்லெண்ணெயில தேன்மெழுகு உருக்கி ஊத்தினதுதான் சரியா வந்துது. அழுத்தித் தொடைக்கக்கூடாது, துணியால ஒத்தி எடுக்கணும். ஈரம் முழுசாக் காயறதுக்கு முன்னாலயே கொத்தமல்லி வெதையளவு எடுத்துத் தடவணும். அரை மணி நேரம் போனா பட்டைத் தொடலாம், கறையே வெக்காது. ராத்திரிக்குக் கொஞ்சம் அதிகமாப் போட்டு, பருத்தித் துணி சுத்திக்கினு படுத்துக்கணும். வூட்டுல இருக்கசொல்ல சோப்பே வேணாம், பயத்தமாவு போதும்." அவர் மூச்சு வாங்கினார். "கல்யாணத்தன்னிக்கிக் குடுக்கலாம்னு ஒரு டப்பா நெறைய ஊத்தி வெச்சிருக்கேன்."

காந்தாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சாமுவேல் உமாபதியின் தோளில் இன்னும் இருந்த தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா" என்றார். "உன்னை மந்திரவாதின்னு நெனைச்சுட்டேன்."

"இழையை உள்ள தள்ளிடலாம்" என்றார் வரதராஜன். அவர் வாயைத் திறந்ததே அதற்குத்தான். "ஊசியால பதினொரு இடம். நான் பண்றேன்."

எல்லாரும் மணியம்மாளைப் பார்த்தார்கள். புடவையை வரதராஜன் சரிபண்ணிவிடலாம். வேலையை விடச் சொன்னது அவரல்ல. மணியம்மாள் மகனுடைய இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டுத் துண்டை வாங்கி அதன்மேல் தானே இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். முகம் இறுகித்தான் இருந்தது. மூன்று நாளாகப் பிடித்த பிடிவாதத்தை ஒரு நொடியில் விட யாருக்குத்தான் மனசு வரும்?

அந்த நேரத்தில் காந்தா தூணைவிட்டு வந்தாள். ராஜகோபாலின் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டபோது அவள் முகமே மாறிவிட்டது. "இந்த வெடிப்பு எத்தனை நாளா இருக்குது? இங்க சீழ் வெக்கப் பாக்குது. விரலிடுக்குல ஈரத்தை அப்படியே வுட்டிருக்கீங்க. கைக்கு மருந்து கண்டுபுடிக்கறவரு இப்படியா வெச்சிக்குவாரு? அந்த டப்பாவை எடுங்கண்ணே" என்று உமாபதியிடம் கை நீட்டினாள்.

டப்பா வந்தது. அவள் கொத்தமல்லி விதையளவு எடுத்து, ஒவ்வொரு விரலாக, முட்டியிலிருந்து நுனிக்குத் தடவ ஆரம்பித்தாள். வெடிப்பின்மேல் விரல் படும்போது ராஜகோபால் ஒருதரம் 'ஸ்' என்றார். "பேசாம இருங்க" என்று அதட்டல் விழுந்தது. வரதராஜன் உத்தரத்தைப் பார்த்தார். சாமுவேல் வைதேஹியம்மாளைப் பார்த்தார். வைதேஹியம்மாள் மட்டும் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா! கையைப் புடிக்கறதுக்கு ஞாயித்துக்கிழமைன்னு நாள் குறிச்சு வெச்சிருக்குது. அதுக்குள்ள இதென்ன?"

காந்தா நிமிரவில்லை. "இது கல்யாணம் இல்ல அத்தை. டூட்டி."

மணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"டூட்டின்னா நடுவுல வுடக்கூடாதும்மா" என்றார். "எப்பவும் வுடாதே. முடிச்சுட்டு வா, எல்லாருக்கும் காப்பி போடறேன்."